ஐந்து புள்ளி ஒன்று

வீட்டுக்குப் பின்னால் அம்மாவின் உடலைக் குளிப்பாட்டத் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். மலர் அறைக் கதவைச் சாத்திவிட்டு, அம்மாவின் கட்டிலோரம் இருந்த அழைப்பு மணிப் பெட்டியின் திருகாணிகளைக் கழற்றினாள்.

காலையில் அவள் சொந்த ஊரான குளுவாங் வந்து இறங்கியதுமே தம்பி கனகராஜ் சொல்லியிருந்தான்: “விடியக்காலையில பெல்லு அடிக்கவே இல்லக்கா. உன் சர்க்யூட்டு கெட்டுப்போச்சு போல.” அவள் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னான்.

சர்க்யூட் அவளுடையதுதான். தெப்ராவ் தொழிற்சாலையில் மின்பலகைகளைச் சோதிப்பது அவள் வேலை. அம்மா படுக்கையில் விழுந்தபோது போனிலேயே தம்பிக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தாள். அடாப்டர் தருவது பன்னிரண்டு வோல்ட். மணி அடிக்க ஐந்து போதும். மிச்சத்தை ரெசிஸ்டர் வாங்கிக்கொள்ளும். வோல்ட் ஏறாமல் ஜீனர் டையோடு பிடித்துவைக்கும். “நூத்தம்பது ஓம்ஸ், அரை வாட் வாங்குடா. கால் வாட் போட்டா கருகிடும்.”

கால் வாட் போட்டிருப்பானோ? இல்லை, அவள் கணக்கே தப்போ?

உள்ளே இருந்தது அரை வாட். கருகவில்லை. மீட்டரை டையோடின் இரு முனைகளிலும் வைத்தாள். ஐந்து புள்ளி ஒன்று. கணக்கு சரிதான். பொத்தானை அழுத்தினாள். சமையலறையில் மணி வீறிட்டது. வெளியே பேச்சு நின்றது.

கனகராஜ் கதவைத் திறந்தான்.

“நல்லாத்தானே அடிக்குது. எங்கடா போயிருந்த?”

“வீட்லதான்.” கதவைச் சாத்தினான். “அம்மா அடிச்சாங்க. உடனே வந்தேன். மூச்சு வாங்குச்சு. ஆம்புலன்ஸுக்கு போன எடுத்தேன், கையப் புடிச்சிக்கிட்டாங்க. மறுபடி ஆஸ்பத்திரி வேணாம்டான்னாங்க. விடவே இல்லக்கா.”

“எவ்ளோ நேரம்?”

“அர மணி நேரம் இருக்கும்.”

“எனக்கு போன் பண்ணியிருக்கலாம்ல?”

“பண்ணா, ஆம்புலன்ஸக் கூப்புடுன்னுருப்ப.”

மலர் அவன் கண்களையே பார்த்தாள். அம்மா அப்படிச் சொல்லக்கூடியவள்தான். அது அவனுக்கும் தெரியும்.

பெரியம்மா வெள்ளையம்மா கதவைத் திறந்து எட்டிப்பார்த்தாள். “இப்ப அடிச்சிச்சே லா! விடியக்காலையில ஏன் அடிக்கல?”

கனகராஜ் தலையைக் குனிந்துகொண்டான்.

“வயரு லூசா இருந்துச்சு பெரியம்மா,” என்றாள் மலர். “நான்தான் சரியா சொல்லிக் குடுக்கல.”

பெரியம்மா அவள் தலையைத் தடவிவிட்டுப் போனாள்.

வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். கனகராஜ் தட்டை நீட்டினான். தட்டு சாய்ந்து அரிசி விளிம்புக்குச் சரிந்தது. மலர் ஒரு கையால் அள்ளினாள். மறு கையால் தட்டைப் பிடித்துக்கொண்டாள்.