எண்ணியுள்ளன

மலோட்டி மலையில் அன்று காலை மூடுபனி விலகவே இல்லை. வெளியுறவு அமைச்சகத்தின் சட்ட அதிகாரி கெனுவே ஜீப்பை விட்டு இறங்கினாள். ஊராரிடம் அவள் சொல்ல வந்தது ஒன்றுதான். புது அணையின் மதகுகளை மூடியாகிவிட்டது, தண்ணீர் ஏறுகிறது, பள்ளத்தாக்கில் இருக்கும் நாற்பத்தொரு கல்லறைகளை யாரும் மேட்டுக்குக் கொண்டுவரப் போவதில்லை. அதில் ஒன்று அவள் அப்பாவுடையது.

அணையைச் சேர்ந்து கட்டிய இரண்டு நாட்டு அரசுகளும் பேசி முடித்துக் கையெழுத்திட்ட கூட்டறிக்கையில், கல்லறைகளை "இடம் மாற்ற வேண்டும்" என்றுதான் முதலில் இருந்தது. அதை "இடம் மாற்ற எண்ணியுள்ளன" என்று திருத்தியவள் இவள். வேண்டும் என்றால் கடமை, நாளைக்கு வழக்கு வரும். எண்ணம் என்றால் வெறும் அரசியல் பேச்சு, எவனாலும் கோர்ட்டுக்கு இழுக்க முடியாது. மேலதிகாரிகள் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். வார்த்தை எப்படிப் போனால் என்ன, வேலை நடந்துவிடும் என்று நம்பினாள், படித்த முட்டாள்.

அப்பாவின் பக்கத்து வீட்டுக்காரி மாதபோ, கம்பளியைப் போர்த்திக்கொண்டு வழியில் நின்றாள்.

"வாடியம்மா, சர்க்காரு மகளே! சொன்னபடி செஞ்சுட்டீங்களே. ஒரு லாரி வரல, ஒரு சத்தமில்ல!"

"என்னத்தச் செஞ்சோம்?"

மாதபோ மேட்டைக் காட்டினாள். அறிக்கையோடு இணைத்த வரைபடத்தில் இருந்த அதே வரிசையில், அதே இடைவெளியில் கற்குவியல்கள். மண் இன்னும் ஈரமாக இருந்தது. சுற்றிலும் ஒரு காலடித் தடம்கூட இல்லை.

"யாரு தூக்கிட்டு வந்தது?"

"யாரும் தூக்கல. ஊர்த் தலைவரு கீழ போய் அறிக்கைய அவங்க முன்னால படிச்சாரு. செத்தவங்ககிட்ட சொல்லாம விடுவோமா? கேட்டுக்கிட்டாங்க, வந்துட்டாங்க."

கெனுவே ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். நாற்பதுதான்.

"எங்கப்பா?"

மாதபோவின் சிரிப்பு அடங்கியது. "அவரு வரலடி. மத்தவங்க அத வாக்குன்னு நம்பி எழுந்து வந்தாங்க. உங்கப்பா முப்பது வருஷம் கோர்ட்டுல மொழிபெயர்த்தவராச்சே. அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு அவருக்குத் தெரியும்."

கெனுவே சரிவில் விழுந்தடித்து ஓடினாள். தண்ணீர் கல்லறையின் கால்மாட்டைத் தொட்டுவிட்டது. பையிலிருந்த அறிக்கைப் பிரதியை எடுத்தாள். எண்ணியுள்ளன என்பதை அடித்து, வேண்டும் என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு உரக்கப் படித்தாள்.

"மாத்திட்டேன்ப்பா! எந்திரிங்க!"

கற்களுக்கு அடியில் ஏதோ புரண்டது. சின்ன வயதில் அவள் வீட்டுப்பாடத்தைத் திருத்திய அதே பொறுமையான குரல் மண்ணுக்குள்ளிருந்து கேட்டது.

"இன்னொரு அரசாங்கத்தோட கையெழுத்து எங்கேம்மா?"