முப்பது பங்கு கீழே

திரையில் இருதயமேரி அக்காவின் குரல் ஒரு நீலக் கோடாகத் தெரிந்தது. அதன் பின்னால் ஏணிப்படி போலச் சுரங்களின் கோடுகள். குரல் படியில் நின்றால் சுருதி சரி. படிக்குக் கீழே தொங்கினால் மென்பொருள் அதைத் தூக்கிப் படியில் வைத்துவிடும். மெதுவாகத் தூக்க வேண்டும். சட்டென்று தூக்கினால் மனிதக் குரல் தகரக் குரலாகிவிடும்.

2006-இல், கடலோரத் தலத்தெருவில் இருந்த என் ஸ்டுடியோவுக்கு அந்த மென்பொருள் புதிது. கிடைத்ததை எல்லாம் அதில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது மாதா திருவிழாவுக்கான பாட்டு சிடி வேலை வந்தது. பாடற்குழுத் தலைவர் அருளானந்தம் சார் முதலில் ஆர்மோனியம் வாசித்துப் பதிவு செய்தார். அதை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே அக்கா பாடினார். ஒன்பது வருடம் குழுவில் பின்வரிசையில் நின்றவருக்கு இதுதான் முதல் தனிப்பாட்டு.

'தாயே' என்ற இடத்தில் கோடு படிக்குச் சற்றுக் கீழே நின்றது. யாரும் சொல்லாமலே தூக்கி வைத்தேன். மறுநாள் சார் கேட்டுவிட்டு முகம் சுளித்தார்.

"தாயேங்கற எடத்துல ஒட்டவே இல்லியே. ஏம்மா, காது எங்க வச்சிருந்த?"

அக்கா தலைகுனிந்தார். மறுபடி பாட வைத்தோம். மறுபடியும் கீழே. மறுபடியும் தூக்கினேன். இப்படியே மூன்று நாள். நான் இறுக்க இறுக்க அந்த இடம் இன்னும் உறுத்தியது. திரையிலோ கோடு படியில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

"நாளைக்கு சிடி அடிக்கக் குடுக்கணும். இவங்களுக்குப் பதிலா பாட ஆக்சிலியாவ ரெடியா இருக்கச் சொல்லிட்டேன்" என்றார் சார்.

அன்று சாயங்காலம், எரிச்சலில், ஆர்மோனியத்தையே மென்பொருளில் போட்டேன். பல கட்டைகள் சேர்ந்து ஒலித்தால் அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஆனால் முன்னிசையின் கடைசியில், 'தாயே'வுக்கு உரிய அந்தக் கட்டை மட்டும் தனியே ஒலிக்கும். அளந்தேன். ஒரு அரைச்சுரத்தை, அதாவது அடுத்தடுத்த இரண்டு கட்டைகளின் இடைவெளியை, நூறு பங்காக்கினால், அது முப்பது பங்கு கீழே இருந்தது. கடல்காற்று பட்டால், ஆர்மோனியத்துக்குள் அதிரும் பித்தளை நாக்கின் நுனியில் பச்சைக் களிம்பு ஏறும். நுனி கனத்தால் நாக்கு மெதுவாக அதிரும், சுருதி இறங்கும். அக்கா அதைக் கேட்டு, அதே முப்பது பங்கு கீழே, பிசகாமல் பாடியிருக்கிறார். ஒட்டியிருந்ததைப் பிரித்தது நான்.

திருத்தத்தை எல்லாம் அழித்துவிட்டு, காலையில் இருவருக்கும் முதல் பதிவைப் போட்டேன்.

"இப்பப் பாரு, கணக்கா ஒக்காந்துடுச்சு. மிஷின் மிஷின்தான்" என்றார் சார்.

"இது மிஷின் தொடாதது சார். உங்க ஆர்மோனியத்துல அந்தக் கட்டை எறங்கியிருக்கு."

"போன வருசந்தான் சுருதி சேத்தது" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அக்கா மட்டும் நின்றார். "அப்ப மொதல் நாள் நான் பாடுனதே சரியா?"

"ஆமாக்கா."

"பின்ன ஏன் தம்பி மூணு நாளு எனக்குத் திட்டு வாங்கிக் குடுத்தீங்க?"

ஏணிப்படியிலிருந்து விளக்க ஆரம்பித்தேன். அக்கா கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதெல்லாம் அப்பறம். மொதல்ல ஆக்சிலியாவுக்கு போனப் போடுங்க. பாட்டு எனக்குத்தான்னு நீங்களே சொல்லுங்க."