இரண்டு ஊர், ஒரே கல்

ரெமிஜியஸ் கல் அறுப்பவன். கன்டோன்மென்ட்டில் ஒரு சுரங்கக் கம்பெனி வைத்திருந்த ஆய்வுக்கூடத்தில், 1927இல், அவனுக்குப் பதினோராவது வருஷம். வெளியூரிலிருந்து வரும் பாறைத் துண்டுகளை அறுத்து, கண்ணாடியில் ஒட்டி, அடியில் வைத்த செய்தித்தாளின் எழுத்து தெரிகிற அளவுக்குத் தேய்த்துக் கொடுப்பான். அந்த வில்லையை மைக்ராஸ்கோப்பில் வைத்துத்தான் எந்த ஊர்ப் பாறை எந்த ஊர்ப் பாறையோடு ஒரே அடுக்கு என்று அதிகாரிகள் தீர்மானிப்பார்கள். வேறு தேசங்களில் பாறைக்குள் இருக்கும் கிளிஞ்சலையும் எலும்பையும் வைத்து அடுக்குகளைப் பொருத்திவிடலாமாம். மைசூர்ப் பாறைகளில் அப்படி ஒன்றும் கிடையாது. அடுக்குகளின் வரிசையும் கல்லின் தன்மையும்தான் சாட்சி.

ஒரு திங்கட்கிழமை, பாறை சேகரிக்கும் முகாமிலிருந்து திரும்பிய கள அதிகாரி சேஷகிரி இரண்டு பைகளை அவன் மேசையில் வைத்தார். ஒன்றில் மாவினஹள்ளி என்று சீட்டு, மற்றதில் கரடிகுட்டா. முதல் ஊர் ஷிமோகா பக்கம், இரண்டாவது கோலார் பக்கம். நடுவில் நூற்றைம்பது மைலுக்கு மேல். இரண்டிலும் உருட்டுக்கற்கள் பதிந்த கரும்பச்சைப் பாறை. இவை ஒரே அடுக்கு என்று நிரூபணமானால், மாவினஹள்ளியைப் போலவே கரடிகுட்டாவிலும் அதற்கு மேலே தங்க அடுக்கு இருக்கலாம் என்று கம்பெனி தோண்டத் தொடங்கும்.

ரெமிஜியஸ் கழுவுவதற்காக இரண்டையும் தொட்டியில் போட்டான். தண்ணீர் சிவந்தது. கரடிகுட்டாக் கல்லின் ஒரு முகத்தில் காய்ந்த வெற்றிலை எச்சில். அதன் அடியில் சுண்ணாம்பு. ஈரம் பட்டதும் மூத்திர நாற்றம் குப்பென்று எழுந்தது. அவன் கையை வெளியே இழுத்தான். காட்டில் உடைத்த கல்லுக்கு யார் வெள்ளையடித்தது?

மூச்சைப் பிடித்துக்கொண்டு மாவினஹள்ளிக் கல்லைத் தேய்த்தான். அதிலும் சுண்ணாம்பு. உடைந்த முகத்தில் பாதி உருட்டுக்கல் ஒன்று நின்றது. மற்றக் கல்லிலும் அதேபோல் பாதி. இரண்டையும் சேர்த்தான். நகம் நுழைய இடமில்லாமல் பொருந்தின.

சேஷகிரியின் அறைக்கு இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடித்தபடியே எடுத்துக்கொண்டு போனான்.

"சார், இது ரெண்டும் ஒரே கல்லு."

"அதைத்தானே நானும் ரிப்போர்ட்ல எழுதியிருக்கேன்" என்று சிரித்தார் சேஷகிரி.

"ஒரே பாறைன்னு சொல்லல சார். ஒரே துண்டு. எங்கயோ சுவத்துல இருந்து பேத்தது."

சேஷகிரி எழுந்து கதவைச் சாத்தினார். முகத்தில் வெட்கம் இருக்கும் என்று ரெமிஜியஸ் எதிர்பார்த்தான். இல்லை.

"மாவினஹள்ளி ஸ்டேஷன் பக்கத்துச் சுவர். அந்த ஊர்க் கல்தாம்பா அது. மச்சினிக்குக் கல்யாணம், லீவு கிடைக்கலை. கரடிகுட்டாவுக்குப் போய்த்தான் என்ன ஆகப்போறது? பழைய சர்வே நோட்ஸ்லயே வரிசை இருக்கு. கீழே உருட்டுக்கல், மேலே வெள்ளைப் படிகக்கல், அதுக்கு மேலே இரும்புக்கல். ரெண்டு ஊர்லயும் அதே. நீ அறுத்துக் குடு, போதும்." பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பொட்டலத்தை நீட்டினார். "கல்யாண லட்டு. வீட்டுக்கு எடுத்துண்டு போ."

அவன் வாங்கவில்லை. கல்லோடு வந்த சேஷகிரியின் முகாம் டைரியை அவன் படித்திருந்தான். கரடிகுட்டாவில் இரண்டு நாள் மழை, கூடாரத்தருகே கரடி என்று அதில் எழுதியிருந்தது.

அவன் கொண்டுபோய்க் காட்டியபோது மேலதிகாரி ஓஸ்வால்ட் கல்லைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு, "ரிப்போர்ட் லண்டனுக்குப் போயாச்சு. அந்த உடைஞ்ச பக்கத்தையே அறுத்துடு" என்றார். அறுத்தால் பொருந்தும் முகம் தூளாகிவிடும். அதற்காகத்தான் சொல்கிறார் என்று ரெமிஜியஸுக்குப் புரிந்தது.

அவன் அறுக்கவில்லை. மூன்று நாள் லீவு எழுதிக்கொடுத்துவிட்டு ரயிலேறினான். அதன்பின் மாட்டுவண்டி, அதன்பின் நடை. வழியெல்லாம் அவன் வேண்டிக்கொண்டது ஒன்றுதான்: கரடிகுட்டாவில் வேறு ஏதாவது பாறை இருக்கவேண்டும். சேஷகிரி பொய்யராக வேண்டும், முழுப் பொய்யராக.

ஓடைக்கரையில் உருட்டுக்கல் பாறை இருந்தது. மேட்டில் ஏறினால் வெள்ளைப் படிகக்கல். உச்சியில் இரும்புக்கல். அதே வரிசை. அவன் கரையில் உட்கார்ந்து காறித் துப்பினான். யார்மேல் என்று அவனுக்கே தெரியவில்லை. பாறை சொன்னது சேஷகிரிக்குச் சாதகம். அது பொய் சொல்லாதா என்று ஏங்கிக்கொண்டு வந்தவன் அவன்தான்.

மூன்று துண்டு உடைத்துக்கொண்டு திரும்பினான். மாவினஹள்ளியிலிருந்து முன்பு வேறொருவர் கொண்டுவந்த நல்ல கல் அலமாரியில் இருந்தது. அதிலும் ஒரு வில்லை தேய்த்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். அதே மணிகள், அதே பச்சைத் தாது.

ஓஸ்வால்டுக்கு ஒரே சந்தோஷம். "அப்புறம் என்ன மேன்? அந்த நாத்தக் கல்லைத் தூக்கிப் போடு. இதுல சேஷகிரி பேரை எழுதி ஒட்டிடு."

"அவர் உடைக்கல சார்."

"முடிவு சரியாத்தானே இருக்கு?"

"முடிவு சரி. அவர் போகல."

ரெமிஜியஸ் வைர ஊசியால் கரடிகுட்டா வில்லையின் கண்ணாடி ஓரத்திலேயே தன் பெயரையும், கல் உடைத்த தேதியையும் கீறினான். அந்தத் தேதி ரிப்போர்ட்டின் தேதிக்கு ஐந்து நாள் பிந்தியது. அழிக்கச் சொன்னார் ஓஸ்வால்ட். "அழிக்கணும்னா வில்லையை உடைக்கணும் சார். வேற செய்ய எனக்கு நேரமில்ல." வேறு யாருக்கும் அந்த வேலை தெரியாது. வில்லை லண்டனுக்குப் போகும் பெட்டிக்குள் அப்படியே போயிற்று.

லண்டனிலிருந்து யாரும் அதைக் கவனித்து எழுதவில்லை. சேஷகிரிக்கு அடுத்த ஜனவரியில் பதவி உயர்வு வந்தது. தாழ்வாரத்தில் எதிர்ப்பட்டவர் நின்று, அவன் தோளில் கை வைத்தார்.

"பாத்தியா ரெமி, நான் சொன்னது சரியாத்தானே இருந்தது?"

ரெமிஜியஸ் தோளை நகர்த்திக்கொண்டு அவர் கையிலிருந்த புதுப் பையைப் பார்த்தான்.

"இது யார் உடைச்சது சார்?"

"நான்தான்."

"எங்க, என்னிக்கு?"

சேஷகிரியின் காது சிவந்தது. அவர் பதில் சொல்லும்வரை பையை வாங்காமல் நின்றான் ரெமிஜியஸ்.