கடவுளுக்குக் குரல் தேடிய சபை

ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்வது அவள் வேலை. "இரண்டாவது நடைமேடை" என்று அவள் சொன்னால் மூட்டை முடிச்சோடு ஊரே அந்தப் பக்கம் ஓடும். ஆனால் திருச்சபையின் இயேசு நாடகத்தில் கடவுளின் குரலாக ஒரே ஒரு வரி பேச அவளுக்குத் தகுதியில்லையாம்.

"கடவுள் பொம்பளைக் குரல்லயா பேசுவாரு? சிரிக்கப் போறாங்க," என்றார் சபைச் செயலாளர். வேறு யாருமில்லை, அவளுடைய சொந்தச் சித்தப்பா.

"கடவுளுக்கு மீசை இருக்குன்னு யார் சொன்னா சித்தப்பா?"

"எதுக்கெடுத்தாலும் எதிர்வாதம்! நீ நாடகத்தை நடத்து, போதும். குரலை நான் குடுத்துக்கறேன்."

கொடுத்தார். ஒத்திகைக்கு எட்டிக்கூடப் பார்க்காமல், வீட்டிலிருந்தே ஃபோனில் பேசிப் பதிவுசெய்து அனுப்பினார். இருமல் உட்பட.

அது போதாதென்று, இயேசுவாக நடித்த மெக்கானிக்கின் கறுப்பும் அவர் கண்ணை உறுத்தியது. வசனத்தை ஓர் எழுத்து பிசகாமல் சொல்கிறவன் அவன் ஒருவன்தான். நாடகத்தன்று அவன் மேடைக்குப் பின்னால் முகம் முழுக்கப் பவுடரோடு நின்றான்.

"என்ன தம்பி இது கோலம்?"

"உங்க சித்தப்பாதான்க்கா அப்பிவிட்டாரு. சுவத்துல இருக்கற படம் மாதிரி வரணுமாம்."

அந்தப் படத்து இயேசுவுக்கு நீலக் கண்.

"கண்ணுக்கு என்ன பண்ணச் சொன்னாரு?"

"பாதி மூடிக்கச் சொன்னாருக்கா."

அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. "வெயில்ல மரம் இழைச்ச தச்சர்ப்பா இயேசு. போய் மூஞ்சியக் கழுவிட்டு வா."

ஞானஸ்நானக் காட்சி வந்தது. ஆறாக விரித்திருந்த நீலத் துணியிலிருந்து மெக்கானிக் எழுந்து, கழுவிய முகத்தோடு மேலே பார்த்தான். இப்போது கடவுள் பேச வேண்டும். ஸ்பீக்கர் கரகரத்தது. ஓர் இருமல் கேட்டது. அதோடு சரி.

அவன் பார்த்தபடியே நின்றான். திரைக்குப் பின்னாலிருந்து, மைக் இல்லாமலே, அவள் சொன்னாள்:

"மகனே, உன்னால் என் உள்ளம் குளிர்ந்தது."

யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் ஓர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

முடிந்ததும் சித்தப்பா வந்தார். "நல்லவேளை, சமாளிச்சுட்ட."

"யாராவது சிரிச்சாங்களா?"

"இல்லதான். யாரோ தேவதூதர் பேசறாங்கன்னு நினைச்சிருப்பாங்க."

"அப்போ தேவதூதர் மட்டும் பொம்பளையா இருக்கலாமா?"

சித்தப்பா தாடையைத் தடவினார். "அதுக்குக் கமிட்டி கூடணும்மா."

அவள் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டாள். இதற்குமேல் வாயைத் திறந்தால் கோயிலில் பேசக்கூடிய வார்த்தையாக வராது என்று அவளுக்கே தெரிந்திருந்தது.