செவலையின் வலப்பக்கம்

மாட்டுப்பொங்கலன்று முத்துத்தாயின் செவலைப் பசுவுக்குக் கிடைத்த மரியாதை புது மாப்பிள்ளைக்குக்கூடக் கிடைத்திருக்காது. தெருவில் நிறைசினையாக நின்றது அது ஒன்றுதான். சினைமாட்டுக்கு ஒரு வாய் பொங்கல் ஊட்டினால் குடும்பம் விருத்தியாகும் என்று வீட்டுக்கு ஓர் இலையோடு வந்துவிட்டார்கள். முத்துத்தாய் பருத்திக்காட்டுக்குப் போயிருந்தாள். அவள் கணவன் வீரபாண்டி வாயெல்லாம் பல்லாக எல்லோரையும் வரவேற்று, ஒருவர் விடாமல் ஊட்டச் சொன்னான். மறுத்தால் மாட்டுக்கே கௌரவக் குறைச்சல் என்று நினைத்தான் போலிருக்கிறது.

சாயங்காலம் அவள் திரும்பியபோது பசு அசைபோடவில்லை. வயிறு உப்பி, பின்னங்காலால் தன்னையே உதைத்துக்கொண்டு முனகியது. பக்கத்து வீட்டுச் சந்தனம்மாள், இது கன்று போடும் வலிதான், படுக்க வையுங்கள் என்றாள். வீரபாண்டி வைக்கோலை அள்ளிவந்து விரித்தான்.

முத்துத்தாய் அந்த வைக்கோலைக் காலால் ஒதுக்கினாள். பல தடவை ஊசி போட்டும் சினை நிற்காமல், விற்றுவிடலாம் என்று வீரபாண்டியே சொன்ன மாடு இது. இதையும் கன்றையும் சேர்த்து இழக்க அவள் தயாராக இல்லை.

"படுக்கப் போட்டீகன்னா எந்திரிக்காது," என்றாள். "கன்னு கெடக்குறது வலப்பக்கம். உப்பியிருக்கிறது இடப்பக்கம், இரைப்பை. நீங்க ஊட்டவிட்ட பொங்கல் உள்ள புளிச்சுக் காத்தா நிக்குது."

இடது விலாவுக்குப் பின்னால் தட்டினாள். உறுமி மேளம்போல் அதிர்ந்தது. சந்தனம்மாள் கிட்டே வந்து தானும் தட்டிப் பார்த்தாள்.

மாட்டு டாக்டருக்குப் போன் போட்டாள். எந்தப் பக்கம் உப்பியிருக்கிறது என்று கேட்டுக்கொண்டு, தான் காரியாபட்டியிலிருந்து வந்து சேரும்வரை செய்யவேண்டியதைச் சொன்னார். முன்னங்கால்கள் மேட்டில் இருக்கும்படி பசுவை நிறுத்தினார்கள். வாயின் குறுக்கே வேப்பங்கட்டையைக் கட்டினாள். அதை மென்று மென்று மாடு எச்சில் ஊறவிட்டது. ஆப்பச்சோடாவும் கடலை எண்ணெயும் கலந்து கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள். வீரபாண்டியை இடப்பக்க வயிற்றை அழுத்தித் தேய்க்கச் சொன்னாள். அவன் வேர்க்க விறுவிறுக்கத் தேய்த்தான். முத்துத்தாய்க்கு உள்ளே பயம்தான்.

டாக்டரின் வண்டிச் சத்தம் கேட்கும் முன்பே பசு கழுத்தை நீட்டி, வீரபாண்டியின் முகத்துக்கு நேராக ஒரு நெடிய ஏப்பம் விட்டது. புளித்த வெல்ல வாடை குப்பென்று அடித்தது. அவன் முகத்தைத் திருப்பவில்லை. அடுத்தடுத்து ஏப்பம் வர, இடப்பக்கம் தளர்ந்தது.

முத்துத்தாய் அவன் கையைப் பிடித்து வலப்பக்க வயிற்றில் வைத்தாள்.

"இங்கதான். இனி மறக்காதீக."

உள்ளிருந்து கன்று உதைத்தது. வீரபாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. டாக்டர் வந்து, நகருங்கள் பார்க்கவேண்டும் என்று சொல்லும்வரை அவன் கையை எடுக்கவில்லை.