விரல் வைத்தவர் முகம்

நிச்சயதார்த்தத்தன்று மாலை ஐந்து நாற்பதுக்கு, மேக்கப் கலையாமலிருக்கக் கடைசியாக அடித்த ஸ்ப்ரே காய்ந்த கையோடு, மணப்பெண்ணுக்கு அவளுடைய அத்தையின் முகம் வந்தது. மேலுதட்டு மச்சம், இடது கன்னத்துக் குழி, யாரையும் முழுதாக நம்பாத அந்தப் பார்வை, எதுவும் குறையவில்லை. கழுத்துக்குக் கீழே அவள் இருபத்தாறு வயதுப் பெண்ணாகவே இருந்தாள். வந்திருந்த நூற்றெண்பது பேரில் பாதிப் பேர் கவனிக்கவில்லை. கவனித்தவர்கள், அத்தை ஜாடை அப்படியே இருக்கிறது என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்கள். மேக்கப் போட்ட பார்லர்க்கா மட்டும் பிரஷ் பையை மாரோடு அணைத்துக்கொண்டு மேடை ஓரத்தில் நின்றாள். இருபத்திரண்டு வருடத் தொழிலில் அவள் போட்ட லிப்ஸ்டிக் கரைந்திருக்கிறது, ஒட்டிய இமைமுடி கழன்று சூப்பில் விழுந்திருக்கிறது, வியர்வையில் ஒரு பெண்ணின் மை தாடை வரை வந்திருக்கிறது. முகமே மாறியது இதுதான் முதல் தடவை.

ஜெராக்ஸ் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்தது அவளுடைய பார்லர். தெருவில் பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் அவள் பார்லர்க்காதான். அவசரத்தில் அவள் கணவரே சில சமயம் அப்படிக் கூப்பிட்டுவிடுவார். அவளிடம் ஒரு வழக்கம் உண்டு. பெண் வீட்டார் வந்து ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுப்பார்கள், விசேஷத்தன்று பார்த்துவிட்டு "நான் சொன்னது இது இல்லையே" என்பார்கள். அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போய், பதினோரு வருடத்துக்கு முன் அவள் கெட்டியான அட்டைகளை வெட்டி வைத்தாள். ஒரு விசேஷத்துக்கு ஓர் அட்டை. நிறத்தைத் தேர்ந்தெடுப்பவர் ஆள்காட்டி விரலால் அந்த நிறத்தைத் தொட்டு அட்டையில் ஒற்ற வேண்டும். அட்டையின் தலைப்பில் அவள் கையாலேயே எழுதியிருந்தாள்: தொட்டவர் பொறுப்பு. அதற்குப் பிறகு யாரும் வாயைத் திறக்கவில்லை. அதுவரை மணப்பெண்களே விரல் வைத்து வந்ததால், வேறொருவர் தொட்டால் தொட்டவர் முகமே பெண்ணுக்கு வந்துவிடும் என்பது அவளுக்கே தெரியாது.

தப்பு அட்டையில் இல்லை, மணப்பெண்ணிடம் இருந்தது என்பது பார்லர்க்காவின் கட்சி. நிச்சயம், மருதாணி, மஞ்சள், ஆட்டம்பாட்டம், கல்யாணம் என்று ஐந்துக்கும் சேர்த்து ட்ரையல் பார்க்க வந்த அன்றே அந்தப் பெண் அவள் பொறுமையைச் சோதித்துவிட்டாள். மேட் வேண்டுமா, பளபளப்பு வேண்டுமா என்றால், "உங்க இஷ்டம்க்கா." உதட்டுக்கு அடர்த்தியா வெளிறலா என்றால், "உங்க இஷ்டம்க்கா." ஃபேன் போடவா என்று கேட்டதற்கும் அதே பதில்தான். ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் வேலை பார்த்தவள் அவள். நோயாளிகள் எந்த நேரம் கேட்டாலும் அந்த நேரத்தைக் கொடுத்துவிட்டு, வருகிற சண்டைகளைத் தானே வாங்கிக்கொள்வாள். மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறதா என்று அம்மா கேட்டபோதும் இதையேதான் சொல்லியிருக்கிறாள். லிஃப்ட் பழுது பார்க்கும் அந்தப் பையன் நல்லவனாக அமைந்தது அவள் அதிர்ஷ்டம், சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. ஆக, பெண் வாயைத் திறக்காததால் கூட வந்த அத்தை முன்னால் வந்து, "இதுக்கென்ன இவ்வளவு யோசனை?" என்று விரலை வைத்தாள்.

அத்தை முகம் ஒரு மணி நேரத்தில் போய்விட்டது. எண்ணெயும் கோல்டு கிரீமும் வைத்துத் துடைக்கத் துடைக்க, பஞ்சோடு மச்சம் வந்தது, பிறகு குழி வந்தது, பார்வை மட்டும் கொஞ்சம் முரண்டு பிடித்தது. மருதாணிக்கு அம்மா விரல் வைத்திருந்தாள். கைகளை நீட்டி உட்கார்ந்திருந்த மகளுக்கு அம்மாவின் முகம் வந்ததும், அதைப் பார்த்த அம்மா, நான் இவ்வளவு களைத்துப் போயா இருக்கிறேன் என்று கேட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். அந்த முகம் போக மறுநாள் மதியம் ஆனது. மஞ்சளுக்கு மாமியார். மாப்பிள்ளை மணையில் உட்கார வந்தவன், பக்கத்தில் பார்த்துவிட்டுப் பட்டென்று எழுந்து நின்றான். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. கடைசிவரை கையைக் கட்டிக்கொண்டு நின்றபடியே மஞ்சள் பூசிக்கொண்டான். நடுவில் ஒரு தடவை, சாப்பிட்டாயா என்று மணப்பெண் கேட்டதற்கு, சாப்பிட்டேம்மா என்று பதில் சொன்னதாகவும் பேச்சு.

மாமியார் முகம் இரண்டு நாள் இருந்தது. நடுவில் வேலை நாள் வந்ததால் அந்த முகத்தோடேயே மணப்பெண் மருத்துவமனைக்குப் போனாள். வாசலில் முகம் பார்த்து வருகை பதியும் கருவி, மூன்று தடவை சிவப்பு விளக்கு எரித்து, பதிவில் இல்லாத நபர் என்றது. அவள் நாள் முழுக்க மேஜையில் உட்கார்ந்து நாற்பது பேருக்கு நேரம் குறித்துக் கொடுத்தாள். ஆனாலும் மேலாளர் சம்பளமில்லா விடுப்பு என்று எழுதினார். நான் வந்திருந்தேனே சார் என்று கேட்க வேண்டியவள், "உங்க இஷ்டம் சார்" என்று சொல்லிவிட்டு வந்தாள். இதைக் கேள்விப்பட்ட பார்லர்க்காவுக்கு எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது. முகம் போனால் வாய் எங்கே போயிற்று என்று கண்ணாடியைப் பார்த்துக் கத்தினாள்.

இனி இந்தக் குடும்பத்தை நம்பிப் பயனில்லை என்று ஆட்டம்பாட்டத்துக்கு அவளே விரல் வைத்தாள். தொழில் தெரிந்தவள் தேர்ந்தெடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று உண்மையாகவே நம்பினாள். தேர்ந்தெடுத்தது அருமையான நிறம். அதில் யாரும் குறை சொல்ல முடியாது. ஸ்ப்ரே காய்ந்ததும் மணப்பெண்ணுக்குப் பார்லர்க்காவின் முகம் வந்தது. புருவங்களுக்கு நடுவே இரண்டு கோடு, கீழே வளைந்த உதடு, அடுத்து யாரைத் திட்டலாம் என்று தேடும் கண். அந்த முகத்தோடு மணப்பெண் ஊஞ்சலில் உட்கார்ந்திருக்க, முன்னால் ஆட வந்த சிறுசுகள் ஒவ்வொன்றாக நழுவின. பொண்ணுக்கு இந்தக் கல்யாணத்தில் இஷ்டமில்லையோ என்று மாப்பிள்ளை வீட்டில் குசுகுசுத்தார்கள். பாட்டுக்காரர்கள்கூட சத்தத்தைக் குறைத்து வைத்தார்கள். இடையில் தண்ணீர் கொடுக்கப் போனபோது, ஐஸ் போட்டதா, போடாததா என்று பார்லர்க்கா கேட்டாள். அவளுடைய சொந்த முகமே அவளை நிமிர்ந்து பார்த்து, "உங்க இஷ்டம்க்கா" என்றது.

அந்த முகத்தில் அந்த வார்த்தையைப் பார்லர்க்கா முன்பே கேட்டிருக்கிறாள். பார்லர் சுவருக்கு ரோஸ் பெயின்ட் அடிக்கலாம் என்று மைத்துனர் சொன்னபோது அப்படித்தான் சொன்னாள். பெயர்ப் பலகையைக் கணவர் எழுதிக்கொண்டு வந்தபோதும் அப்படித்தான். ரோஸ் அவளுக்குக் கட்டோடு பிடிக்காது. இருபத்திரண்டு வருடமாக அந்தச் சுவருக்கு நடுவில் நின்று, வருகிற பெண்களையெல்லாம் வாயில்லாப் பூச்சிகள் என்று திட்டிக்கொண்டிருக்கிறாள். அழுகையா கோபமா என்று தெரியாத ஒன்று வந்தது. தண்ணீரைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள்.

அந்த முகம் நான்கு நாள் நின்று, கல்யாணத்தன்று காலையில்தான் முழுதாகப் போனது. ஒரு மணி நேரம், அரை நாள், இரண்டு நாள், நான்கு நாள். கணக்கு எங்கே போகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. பார்லர்க்காவுக்கு இன்னொன்றும் தெரியும். கல்யாண மேக்கப் மற்றவை மாதிரி இல்லை, தண்ணீருக்குக் கரையாதது, மணப்பெண் எவ்வளவு அழுதாலும் அசையாமல் இருப்பதற்கென்றே செய்தது. சாதாரண மேக்கப்பே நான்கு நாள் நின்றதென்றால் இது ஆயுசுக்கும் நிற்கும். அதை அவள் வெளிப்படையாகச் சொன்னாள். சொன்னால் பயந்து ஒதுங்கிக்கொள்வார்கள் என்று நினைத்தாள். மாறாக, அத்தை விரலைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"என் முகத்துக்கு என்ன குறைச்சல்? இந்த வயசுலயும் ஒரு சுருக்கம் உண்டா?"

"எங்க வீட்டுக்கு வர்ற பொண்ணு எங்க ஜாடையில இருந்தா என்ன தப்பு சம்பந்தி?" என்று மாமியார் அட்டையைப் பிடித்தாள். தனக்கு ஒன்றும் வேண்டாம், ஆனால் அவர்கள் இரண்டு பேர் முகமும் வேண்டாம் என்று அம்மா அட்டையின் மறுமுனையைப் பிடித்தாள். ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் அட்டை நடுவே மடிந்தது. மணப்பெண், கழுவித் துடைத்த முகத்தோடு, யார் ஜெயிக்கிறார்களோ அவர்களுக்காகக் காத்திருந்தாள்.

பார்லர்க்கா மூன்று பேரையும் தோளைப் பிடித்து வெளியே தள்ளி, மண்டபத்து அறைக் கதவைத் தாழிட்டாள். இருந்த நாற்பத்தெட்டு நிறங்களையும் மேஜையில் பரப்பி, புது அட்டை ஒன்றை எடுத்து வைத்து, "விரல் வை" என்றாள்.

"உங்க இஷ்டம்க்கா."

"என் இஷ்டத்தைத்தான் நாலு நாள் மூஞ்சியில தூக்கிட்டுத் திரிஞ்சியே, போதலையா? இன்னிக்கு வைக்கிற முகம் சாகிற வரைக்கும் இருக்கும். வை."

வெளியே கதவைத் தட்டினார்கள். நேரமாகிறது என்றார்கள். போட்டோக்காரர் இரண்டு தடவை வந்து கேட்டார். முக்கால் மணி நேரம் அந்தப் பெண் நிறங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுக்கத் தெரியாது என்று இல்லை, பிடித்ததைத் தொட்டால் யாராவது சிரிப்பார்கள் என்ற பயம்தான் என்பது பார்லர்க்காவுக்குப் புரிந்தது. அந்தப் பெண்ணுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துப் பின்னால் ஒரு சின்னச் சத்தம் கேட்டது. திரும்பினால், பதினோரு வருடமாக யாரும் தொடாத, கம்பெனிக்காரன் பெட்டியோடு இலவசமாகக் கொடுத்த மயில்நீலத்தில் அந்தப் பெண்ணின் விரல் இருந்தது.

இந்த மாநிறத்துக்கு, இந்தச் சிவப்புப் புடவைக்கு, கண்ணுக்கு மேலே மயில்நீலம். எந்தக் கற்றுக்குட்டியும் செய்யமாட்டாள். பார்லர்க்கா வாயைத் திறந்தாள். திறந்த வாயை மூடியதுதான் அவள் தொழிலில் பட்ட பெரிய கஷ்டம் என்று பிற்பாடு பலரிடம் சொல்லியிருக்கிறாள். பிரஷ்ஷை எடுத்து, அந்தப் பெண் போதும் என்று சொல்லும் வரை நீலத்தைப் பூசினாள். அவள் வெகு நேரம் போதும் என்று சொல்லவில்லை.

ஸ்ப்ரே காய்ந்தது. முகம் மாறவில்லை. உண்மையைச் சொன்னால் நன்றாகவும் இல்லை. அத்தை தலையில் அடித்துக்கொண்டாள், மாமியார் கிளிக்கூண்டைப் பார்ப்பது போலப் பார்த்தாள், போட்டோக்காரர் விளக்கை இப்படியும் அப்படியும் திருப்பிச் சலித்துக்கொண்டார். மாப்பிள்ளை மட்டும் தைரியமாகப் பக்கத்தில் உட்கார்ந்தான். "கண்ணுல என்ன?" என்று கேட்டான். "நீலம்" என்றாள். "சரி" என்றான்.

நீலம் போகவில்லை. பதினான்கு வருடமாகிறது. வருகைக் கருவி இரண்டு நாள் யோசித்துவிட்டு ஏற்றுக்கொண்டது. பல் பிடுங்க வருகிறவர்கள், நீலக் கண்ணம்மா இல்லாத நாளில் நேரம் கேட்பதில்லை. அவள் முடியாது என்றால் முடியாதுதான். பார்லர்க்கா தன் சுவருக்குச் செங்கல் நிறம் அடித்தாள். கணவர் உட்பட யாருக்கும் அது பிடிக்கவில்லை. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை புருவம் திருத்த அந்தப் பெண் வரும்போதெல்லாம் அவளால் இன்னும் சும்மா இருக்க முடிவதில்லை.

"நீலம் கொஞ்சம் அதிகமாத்தான் போயிருச்சு, இல்ல?"

"இருக்கட்டும்க்கா. என் இஷ்டம்."

பார்லர்க்கா நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு, தலையைக் கொஞ்சம் நிமிர்த்தச் சொல்வாள்.