ஊ தொலைக்காட்சியும் மாங் மைக்கும்

1

இந்தக் கதை எதிலிருந்து பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஓர் அட்டவணையிலிருந்து. காதல் இல்லை, சாவு இல்லை, மழைகூட இல்லை. ஐரோப்பாவில் எந்த ரேடியோ அலைவரிசையை யார் பயன்படுத்தலாம் என்று நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் உட்கார்ந்து பேசிப் பிரித்துக்கொண்ட அட்டவணை அது. விமானத்துக்கு இந்தத் துண்டு, கப்பலுக்கு அந்தத் துண்டு; டிவிக்கு, கைப்பேசிக்கு, வானிலை பலூனுக்கு, காது கேட்கும் கருவிக்கு, கார்ச் சாவிக்கு என்று ஆளுக்கொரு துண்டு. கல்யாண வீட்டில் பிரியாணி பங்கு வைக்கும்போதுகூட யாரும் இவ்வளவு நிதானமாக வைப்பதில்லை.

நான் இருப்பது யாங்கூனில், லான்மடாவில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் ஐந்தாம் மாடியில். ஐரோப்பாவுக்குப் போனதில்லை. இருந்தாலும் ஆரம்பத்தைப் பெரிதாக எழுதிப் பார்த்தேன்:

ஐரோப்பாவின் வானத்தில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரம் வேலிகள்

வேலி என்று எழுதியதுமே எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது. அடுத்து:

காற்றுக்கு ஏது எல்லை என்று கேட்பவர்கள்

அப்படிக் கேட்பவர்கள் யாரும் இல்லை. எங்கள் தெருவில் எல்லோரும் கேட்கும் ஒரே கேள்வி, கரண்ட் எத்தனை மணிக்கு வரும் என்பதுதான். சரி, அங்கிருந்தே தொடங்குகிறேன்.

2

காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் வந்தது. "மீ வந்துருச்சு!" என்று கட்டடம் முழுக்கக் குரல் எழுந்தது. மின்சாரத்துக்கு இங்கே அதுதான் பேர். அஸ்மா தெருப்பக்க அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மடிக்கணினியைத் திறந்தாள்.

அஸ்மாவுக்கு நாற்பத்து நான்கு வயது. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பது தொழில். சலவை இயந்திரக் கையேடு, மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் காகிதம், விமானத்தில் படகு கவிழ்ந்தால் என்ன செய்வது

(மன்னிக்கவும். விமானம் கவிழ்ந்தால்.)

எல்லாம் அவள் கைபட்டதுதான். அவள் பிறந்தது அந்த வீட்டில்தான். இப்போது அது அவளுடைய அண்ணன் அப்துல் ரவூபின் வீடு. அண்ணன், அண்ணி பல்கீஸ், அவர்கள் மகன் ரிஹான், இவள். ரயில்பெட்டி மாதிரி நீண்ட அந்த வீட்டில், கதவு சாத்தக்கூடிய அறைகள் இரண்டே இரண்டு. ஒன்று அண்ணனுக்கும் அண்ணிக்கும். இன்னொன்று இது: சன்னல் இருக்கும், சிக்னல் கிடைக்கும், ஒரு மேசை போடலாம். அஸ்மாவிடம் வேறெதுவும் இல்லை, இந்த அறைதான் இருந்தது. இந்தக் கதை அந்த அறை அவளுக்கு இருக்குமா போகுமா என்பதைப் பற்றியது. இதைத் தவிர வேறு மர்மம் எதுவும் வைத்திருக்கவில்லை.

(முதல் பிரதியில் அஸ்மாவுக்கு ஒரு பழைய காதலனைக் கொடுத்திருந்தேன். கல்யாணம் ஆகாத பெண் என்றால் வாசகர்கள் காரணம் கேட்பார்களே என்ற பயம். பிறகு எடுத்துவிட்டேன். அவரவர் வீட்டில் கல்யாணம் ஆனவர்களிடம் போய் ஏன் ஆனது என்று முதலில் கேட்டுவிட்டு வாருங்கள்.)

அஸ்மாவை எனக்கு நன்றாகத் தெரியும். எப்படித் தெரியும் என்பதைப் பிறகு சொல்கிறேன். இப்போதே சொன்னால் நீங்கள் என் பேச்சை நம்பமாட்டீர்கள்.

3

அட்டவணை அவளிடம் வந்தது ஜெர்மனியிலிருந்து. அனுப்பியவர் சிவநேசன், யாழ்ப்பாணத்துக்காரர். அங்கே கல்யாணம், கோயில் திருவிழா, அரங்கேற்றம் எல்லாவற்றுக்கும் மைக் செட் போடுகிற தமிழர்கள் சேர்ந்து ஒரு கையேடு தயாரித்தார்கள். கம்பியில்லா மைக்கை எந்த அலைவரிசையில் வைக்கலாம், எதில் வைத்தால் வம்பு என்று தமிழில் சொல்லும் கையேடு.

அஸ்மா ஒரு வாரம் உட்கார்ந்து மொழிபெயர்த்தாள். நன்றாகத்தான் செய்தாள். ஒரு இடத்தில் மட்டும், வேலையைக் கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள். ஆயிரத்து நானூறு மெகாஹெர்ட்ஸ் பக்கம் ஒரு துண்டு இருக்கிறது. அதில் எவரும் எதையும் அனுப்பக் கூடாது. விண்வெளியிலிருந்து வரும் மெல்லிய சத்தத்தைச் சிலர் காதுகொடுத்துக் கேட்கிறார்கள், அவர்களுக்காக அத்தனை பேரும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். சன்னலுக்குக் கீழே ஒரு ஜெனரேட்டரும் இரண்டு வெற்றிலைக்கடை ஸ்பீக்கர்களும் போட்டி போட்டுக்கொண்டிருந்தன. அவள் சிரித்துவிட்டாள்.

அனுப்பிய மறுநாள் சிவநேசனின் குரல் செய்தி வந்தது.

"பிள்ளை, அட்டவணை கிடைச்சது. வடிவாத்தான் இருக்கு. ஆனா எல்லாரும் ஒரே மாதிரி நிக்கினம். ஆர் பெரியாள், ஆர் சின்னாள் எண்டு தெரியேல்லையே?"

அப்போதுதான் அஸ்மா மூலத்தைத் திரும்பப் பார்த்தாள். ஒரே துண்டில் இரண்டு மூன்று சேவைகள் இருக்கும். முதன்மைச் சேவையை ஆங்கிலத்தின் பெரிய எழுத்தில், அதாவது கேபிட்டலில், அச்சடித்திருந்தார்கள். இரண்டாம் நிலைச் சேவையைச் சின்ன எழுத்தில். சட்டமே அந்த எழுத்தில்தான் இருந்தது. தமிழில் ஏது பெரிய எழுத்து? டிவியும் மைக்கும் பக்கத்துப் பக்கத்தில் சரிசமமாக உட்கார்ந்திருந்தன. இதை நம்பி ஒருவர் மைக்கை வைத்திருந்தால், டிவிக்காரன் வந்து தட்டிக் கேட்கும்போது அவர் அஸ்மாவின் தமிழைத்தான் எடுத்துக் காட்டியிருப்பார்.

4

இங்கேதான் இந்த ஊர்க்காரி மட்டுமே செய்யக்கூடிய ஒரு தப்பை அஸ்மா செய்தாள்.

தமிழில் பெரிய எழுத்து இல்லை, பர்மியத்திலும் இல்லை. ஆனால் ஆள் பெரியவரா சின்னவரா என்பதைச் சொல்ல பர்மாவில் எழுத்தின் உதவி தேவையில்லை. பேருக்கு முன்னால் ஒன்றைப் போட்டால் போதும். பெரிய மனிதர் என்றால் ஊ. சின்னப் பையன் என்றால் மாங். குழம்பாமல் இருக்க, அஸ்மா தன் வரைவில் அடையாளத்துக்காக அதையே போட்டுக்கொண்டு போனாள். முதன்மைக்கெல்லாம் ஊ. இரண்டாம் நிலைக்கெல்லாம் மாங். எல்லாம் முடிந்ததும் அழித்துவிட்டுத் தடித்த எழுத்தாக மாற்றுவதாகத் திட்டம்.

கரண்ட் போகப் போகிறது என்ற அவசரத்தில், அழிக்காமல் அனுப்பிவிட்டாள்.

இந்தத் தடவை சிவநேசன் நேரடியாகவே கூப்பிட்டார்.

"பிள்ளை, ஊ தொலைக்காட்சி எண்டால் என்ன? பேய்ப்படம் போடுற சேனலோ?"

"அல்லாவே! அண்ணே, அது வந்து..."

"மாங் மைக் எண்டும் கிடக்கு. மாங்காய் விக்கிறவையின்ர மைக்கோ?"

அஸ்மா விளக்கினாள். விளக்க விளக்க, அந்தப் பக்கம் சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடி சிரிப்பாகியது. "எங்கட ஆக்களுக்கு இது நல்லா விளங்கும், ஆனா அச்சடிக்கேலாது" என்றார். கடைசியில் தடித்த எழுத்து என்று முடிவாயிற்று. கூடவே ஒரு வேலையும் கொடுத்தார்: இரண்டாம் நிலை என்றால் என்ன என்று, விதியைச் சுத்தமாக மொழிபெயர்த்து முன்பக்கத்தில் போட வேண்டும்.

5

விதி இதுதான். அஸ்மாவின் தமிழையே தருகிறேன்:

இரண்டாம் நிலைச் சேவை, முதன்மைச் சேவைக்கு இடைஞ்சல் செய்யக் கூடாது. முதன்மைச் சேவை தனக்கு இடைஞ்சல் செய்தால், பாதுகாப்புக் கோரவும் கூடாது. அந்த முதன்மைச் சேவை ஏற்கெனவே அங்கே இருந்தாலும் சரி, பிற்பாடு வந்தாலும் சரி.

வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகை முடிந்து அண்ணன் வந்துவிட்டார். கடைசி வாக்கியத்தை அடித்து முடித்த கையோடு அஸ்மா சாப்பிட வந்து உட்கார்ந்தாள். அண்ணன் கறியைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாயில் வைக்கவில்லை.

"ரிஹானுக்கு நிக்காஹ் வருது."

"தெரியும் காக்கா" என்றாள் அண்ணனிடம்.

"பொண்ணு வருது. அதான்... அந்த ரூம்..."

பல்கீஸ் அப்பளத்தை நொறுக்கினாள். ரிஹான் கைப்பேசிக்குள் தலையைப் புதைத்துக்கொண்டான். அந்த வீட்டில் யாரும் கெட்டவர்கள் இல்லை. எனக்கு அதுதான் பெரிய தொந்தரவு. ஒரு வில்லன் கிடைத்திருந்தால் இதை மூன்று பக்கத்தில் முடித்திருப்பேன்.

பிற்பாடு வந்தாலும் சரி. ஐந்து நிமிடத்துக்கு முன் தன் விரலாலேயே அடித்த வாக்கியம். நாற்பத்து நான்கு வருடம் இருந்த வீட்டில், இன்னும் வராத ஒருத்திக்கு முன்னால் தான் சின்ன எழுத்து என்று தெரிந்த வலி. அதை வேறு மாதிரி அழகாகச் சொல்ல எனக்கு வரவில்லை.

ஆனால் அவள் ஒரு வாரம் சும்மா மொழிபெயர்க்கவில்லை. இதே மைக்குகளுக்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். டிவி எந்த ஊரில் எந்தத் துண்டைப் பயன்படுத்தவில்லையோ, அந்த இடைவெளியில் மைக் புகுந்துகொள்ளலாம்.

"மச்சி, வர்ற பொண்ணு வேலைக்குப் போறவதானே?" என்று அண்ணியைக் கேட்டாள்.

"ஆமா, சூலேயில ஆபீசு. காலையில எட்டரைக்குப் போனா அஞ்சரைக்குத்தான் வருமாம்."

"ரிஹானும் கடைக்குப் போயிருவான். அப்ப ஒம்பதுல இருந்து நாலு மணி வரைக்கும் ரூம் சும்மாதானே கெடக்கும்? நான் வேல பாத்துக்கிட்டு, அதுக வர்றதுக்குள்ள மேசையைச் சுத்தமாக்கி வச்சிர்றேன். படுக்கை எனக்கு ஹால்ல போதும்."

அண்ணன் முதல் கவளத்தை வாயில் வைத்தார். "யாதே, யாதே" என்றார் வாய் நிறைய. பரவாயில்லை என்று பர்மியத்தில் சொன்னால் தமிழில் சொல்வதைவிடக் கொஞ்சம் கூச்சம் குறையும்.

6

இங்கேயே முடித்திருக்கலாம். நடந்ததும் அப்படித்தான்: டிசம்பரில் கல்யாணம் நடந்தது, இரண்டு மாதம் அந்த ஏற்பாடு ஒழுங்காக ஓடியது, ஒரு நாள்கூட அஸ்மா மேசை மேல் ஒரு பேனாவைக்கூட விட்டுவைக்கவில்லை.

பிப்ரவரியில் சூலே ஆபீசை மூடிவிட்டார்கள். மருமகள் வீட்டில் உட்கார்ந்தாள். சும்மா உட்காராமல் கதை எழுதத் தொடங்கினாள். கதவைச் சாத்திக்கொண்டு, தெருப்பக்க அறையில், அந்த மேசையில்.

மருமகள் பேர் மெஹ்ரீன். அது நான்தான்.

இதுவரை அவள், இவள் என்று எழுதிவிட்டேன். நேரில் மாமி என்றுதான் கூப்பிடுகிறேன். வாப்பாவின் தங்கை என்பதால் ரிஹானுக்கு அவர் மாமி, அதனால் எனக்கும். கதைக்கு வசதியாக இருக்கும் என்று மரியாதையைக் கழற்றி வைத்தேன். இனிமேல் அது முடியாது.

மாமி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நான் வீட்டிலிருந்த முதல் நாள், ஒன்பது மணிக்கு மடிக்கணினியோடு கதவு வரை வந்தார். நான் மேசையில் இருந்ததைப் பார்த்தார். "எழுதும்மா, எழுது" என்று சொல்லிவிட்டு, ஹாலில் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் மடக்கு மேசை போட்டுக்கொண்டார். என் மாமியார் பல்கீஸ் அங்கே கொரிய நாடகம் பார்ப்பார். அட்டவணையையும் ஊ தொலைக்காட்சியையும் சாப்பிடும்போது சிரிக்கச் சிரிக்க எனக்குச் சொன்னதும் மாமிதான். அறையைப் பற்றிய பகுதியை ரிஹான் சொன்னான். அவர் சொல்லவில்லை. இடைஞ்சல் செய்யக் கூடாது, பாதுகாப்புக் கோரவும் கூடாது.

7

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: அஸ்மா தின்கன்ஜூனில் தனியாக ஓர் அறை பிடித்துப் போகிறார், தன் கதவைத் தானே சாத்திக்கொள்கிறார். கைதட்டல் வாங்கித் தரும் முடிவு. ஆனால் போவது அவர், இடம் மாறாமல் உட்கார்ந்திருப்பது நான். கிழித்துவிட்டேன்.

இரண்டு: சிவநேசன் அவரை ஜெர்மனிக்கே அழைத்துக்கொள்கிறார். இதை எழுதும்போது எனக்கே வெட்கமாக இருந்தது.

மூன்று: மருமகளுக்கு வேறு வேலை கிடைத்துவிடுகிறது. இது எனக்கு மிகவும் பிடித்த முடிவு. யாரும் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை, எல்லாவற்றையும் முதலாளி பார்த்துக்கொள்வார். அதனால்தான் சந்தேகம் வந்து அடித்துவிட்டேன்.

நான்காவதாக ஒன்று

இப்போது பகல் பதினொன்றரை. கதவுக்கு அந்தப் பக்கம் கொரியாக்காரி ஒருத்தி அழுகிறாள். அதற்கு மேலே மாமியின் குரல்: "அண்ணே, கேக்குதா? ஹலோ? கொஞ்சம் இருங்க, இங்க சத்தம்... இல்ல, வேற எடம் இல்லண்ணே." புதுக் கையேடு ஒன்று வருகிறதாம், இந்த முறை மூன்று நாடுகளுக்கு. சிவநேசன் பேச வேண்டியது நிறைய இருக்கிறது. அவர் ஒரே எண்ணை மூன்றாம் தடவையாகச் சொல்கிறார் என்பது மாமி திருப்பிச் சொல்வதிலிருந்து தெரிகிறது. மூன்று தடவையும் தப்பாகத்தான் விழுந்திருக்கிறது.

இன்னும் ஒரு பத்தி கிடைத்தால் போதும், இந்தக் கதைக்கு நல்ல முடிவு ஒன்றை என்னால் எழுதிவிட முடியும். கையில் வந்து நிற்கிறது. அரை மணி நேரம், கதவு சாத்தியபடி. அதை எழுதி முடித்தால், அச்சில் வந்ததும், அநீதியை எவ்வளவு நுட்பமாகச் சொல்லியிருக்கிறாள் என்று நீங்கள் என்னைப் பாராட்டுவீர்கள். அந்த அரை மணி நேரமும் அவர் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் நின்று ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருப்பார்.

ஆகவே முடிவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பெருந்தன்மை ஒன்றும் இல்லை. மேசையைக் காலி செய்ய வேண்டும்.